தாலி கட்டும் நேரமும் லென்ஸும்

1940, 50களில் நடந்த கல்யாணத்தின் படம் உங்கள் வீட்டில் இருந்தால் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். அநேகமாக ஒரே ஒரு படம்தான் இருக்கும். மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பெண் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு கையை நாற்காலியின் மேல் வைத்திருப்பாள். பின்னால் திரையில் தூணும் படிக்கட்டும் வரைந்திருக்கும். இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பு இருக்காது. தாலி கட்டுகிற படம் மட்டும் இருக்கவே இருக்காது.

என் அப்பா அம்மாவுக்கும் இப்படி ஒரு படம்தான். கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் மாட்டுவண்டியில் கோவில்பட்டிக்குப் போய் எடுத்துக்கொண்டது என்று அம்மா சொல்வாள். இன்றைய பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு, "ஏன் இப்படி விறைப்பா இருக்காங்க?" என்று கேட்கிறார்கள். கூச்சம், பெரியவர்களிடம் பயம் என்று நாமும் ஏதோ பதில் சொல்லிவிடுகிறோம். அதெல்லாம் உண்டுதான். ஆனால் பெரிய காரணம் லென்ஸ். அன்றைய சிற்றூர் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் அசையாத மனிதர்கள் தேவைப்பட்டார்கள். கல்யாண வீட்டில் அசையாதவர் யார்?

கதையை 1839இலிருந்து தொடங்க வேண்டும். பாரிஸில் தகேர் தன் படமுறையை வெளியிட்ட ஆண்டு அது. அப்போதிருந்த லென்ஸின் துவாரம் மிகச் சிறியது. இன்றைய கணக்கில் எஃப் 15, 16 என்று சொல்லலாம். இந்த 'எஃப்' எண் பலரைக் குழப்புகிறது. வீட்டு ஜன்னல் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். எண் சிறிதானால் ஜன்னல் பெரிது, வெளிச்சம் அதிகம். எண் பெரிதானால் ஜன்னல் சிறிது. எண் பாதியானால் வெளிச்சம் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. இந்த ஒன்று புரிந்துவிட்டால் லென்ஸ் வாங்கும் விஷயத்தில் பாதி முடிந்தது.

தகேரின் முறையில் வெயிலில்கூடப் பல நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும். கட்டடத்தைப் படமெடுக்கலாம், மனிதரை எடுப்பது பெரும்பாடு. 1840இல் வியன்னாவில் கணிதப் பேராசிரியராக இருந்த ஜோசப் பெட்ஸ்வால் என்பவர், மனிதர்களைப் படமெடுப்பதற்கென்றே கணக்குப் போட்டு ஒரு லென்ஸை உருவாக்கினார். அதுவரை லென்ஸ் செய்தவர்கள் பெரும்பாலும் கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துச் செய்தவர்கள். இவர் தாளில் கணக்குப் போட்டார். அந்த நீண்ட கணக்குகளுக்கு உதவ, கணக்குத் தெரிந்த பீரங்கிப் படை வீரர்கள் சிலரை ராணுவத்திலிருந்து அனுப்பிவைத்தார்களாம். லென்ஸின் துவாரம் எஃப் 3.6. பழைய லென்ஸைவிட 15 மடங்குக்கு மேல் வெளிச்சம்! ஃபோய்க்லாண்டர் நிறுவனம் அதைத் தயாரித்து விற்றது. பிறகு அந்த நிறுவனத்துக்கும் பெட்ஸ்வாலுக்கும் பெரிய சண்டை வந்தது தனிக்கதை.

அதன் பிறகும் கல்யாணத்துக்கு இது போதவில்லை. இங்கிலாந்தில் விக்டோரியா மகாராணியின் மூத்த மகளுக்கு 1858 ஜனவரி 25இல் கல்யாணம். புறப்படுமுன் தாய், தந்தை, மகள் மூவரையும் வைத்து வில்லியம்ஸ் என்பவர் அரண்மனையிலேயே ஒரு படம் எடுத்தார். மகள் தெளிவாக விழுந்திருக்கிறாள். மகாராணியின் முகம் கலங்கிப்போய்விட்டது. மகளை அனுப்பப்போகிற பதற்றத்தில் உடம்பு நடுங்கியதை அவரே தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். உலகத்தின் பாதியை ஆண்டவராக இருந்தாலும் பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற தாய்தானே.

பெட்ஸ்வால் லென்ஸில் இன்னொரு குறை. நடுவில் ஊசிமுனை போலத் தெளிவு, ஓரம் போகப்போக மங்கல். ஒருவர் முகத்துக்கு அது அழகு, ஐம்பது பேர் குரூப் போட்டோவுக்கு உதவாது. அதனால் குரூப் எடுப்பவர்கள் வரிசையின் இரண்டு முனைகளையும் காமிராவை நோக்கிக் கொஞ்சம் வளைத்து, பிறை போல உட்காரவைத்தார்கள். லென்ஸ் பார்க்கிற தளமே அப்படி வளைந்திருக்கும் என்பதால் இந்த ஏற்பாடு. 1866இல் இங்கிலாந்தில் டால்மேயரும் ஜெர்மனியில் ஸ்டைன்ஹைலும் தனித்தனியாக ஒரே மாதிரி லென்ஸ் கண்டுபிடித்தார்கள். துவாரம் எஃப் 8தான், ஆனால் ஓரம் வரை ஓரளவு தெளிவு. குரூப்புக்கு அது, முகத்துக்கு இது என்று இரண்டு லென்ஸ் வைத்துக்கொள்ளும் பழக்கம் அப்போதே வந்துவிட்டது. 'எந்த லென்ஸ் வாங்குவது' என்ற கேள்விக்கு 150 வயதுக்கு மேல் என்று சொல்வதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

நம் ஊர்ப்பக்கம் மரப்பெட்டி ஸ்டாண்ட் காமிராவும் பித்தளை லென்ஸும் வெகுகாலம் ஓடின. தலைக்குமேல் கறுப்புத் துணி, லென்ஸின் மூடியைக் கழற்றி ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டு மறுபடி மூடுவது. அந்த எண்ணிக்கைக்குள் சின்னப்பிள்ளைகள் தலையை ஆட்டிவிடும். பழைய குரூப்பில் முன்வரிசைப் பிள்ளைக்கு இரண்டு முகம் இருந்தால் காரணம் அதுதான். விடியற்காலை முகூர்த்தம், வாசலில் ஓலைப்பந்தல், பெட்ரோமாக்ஸ் வெளிச்சம், இதில் தாலி கட்டுவதை அந்தப் பெட்டியால் எப்படிப் பிடிக்க முடியும்? வெயில் ஏறின பிறகு தெருவில் பெஞ்சு போட்டு குரூப் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

1902இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் 'டெஸ்ஸார்' என்ற லென்ஸை வடிவமைத்தார். நான்கே கண்ணாடி; சிக்கனம், கூர்மை இரண்டும் சேர்ந்தது. நம் ஊர் ஸ்டுடியோக்களில் 60, 70களில் கழுத்தில் தொங்கிய இரட்டைக் கண் காமிரா நினைவிருக்கிறதா? ரோலிஃபிளெக்ஸ், யாஷிகா. அந்த யாஷிகா-மேட்டின் எஃப் 3.5 லென்ஸும் டெஸ்ஸார் வகைதான்.

நான் படிப்பு முடித்து வேலைக்காகக் காத்திருந்த 1975, 76இல் ஒரு ஸ்டுடியோ அண்ணாச்சியிடம் பை தூக்கிக்கொண்டு முகூர்த்த நாட்களில் போவேன். அவரிடம் இருந்தது யாஷிகா-மேட். ஒரு ரோலுக்கு 12 படம். லென்ஸைக் கழற்றி மாற்ற முடியாது. கிட்டப் பார்க்க வேண்டுமானால் கிட்டப் போக வேண்டும். "நம்ம கால்தான் தம்பி ஜூம்" என்று சொல்லமாட்டார், ஜூம் என்ற சொல்லே அப்போது எங்களுக்குத் தெரியாது. "ரெண்டு எட்டு முன்னால வா" என்பார், அவ்வளவுதான்.

அவரிடம் நான் கற்றது ஃபிளாஷ் கணக்கு. ஃபிளாஷுக்கு ஒரு எண் உண்டு. அதைத் தூரத்தால் வகுத்தால் துவாரம் வந்துவிடும். எண் 80, ஆள் 10 அடியில் இருந்தால் எஃப் 8. ஐந்து அடிக்குப் போனால் எஃப் 16. மேளக்காரர் கெட்டிமேளத்துக்குக் கையை ஓங்குமுன் அண்ணாச்சி மணவறையிலிருந்து எட்டு வைத்துத் தூரத்தை எண்ணி, ஃபோகஸையும் துவாரத்தையும் முன்கூட்டியே வைத்துவிடுவார். பிறகு காமிராவைத் திருகவே மாட்டார். ஃபிளாஷ்தான் பெரிய லென்ஸ் இல்லாத குறையைப் போக்கியது. தாலி கட்டும் படம் நம் வீடுகளுக்குள் வந்தது அதன் தயவில்தான்.

ஆனால் ஃபிளாஷை மட்டும் நம்பினால் வரும் ஆபத்தும் உண்டு. 1974இல் என் அக்காவுக்குக் கல்யாணம். வந்திருந்த படக்காரரின் ஃபிளாஷ் சரியாகக் கெட்டிமேள நேரத்தில் எரியவில்லை. அவர் பதறிப்போய், மாப்பிள்ளையைத் தாலியை இன்னொரு தடவை பிடிக்கச் சொன்னார். எங்கள் ஆச்சி எழுந்துவிட்டாள். "கட்டுன தாலிய மறுபடி கையில எடுக்கவா? நல்லாருக்கே!" அதற்குமேல் யாரும் பேசவில்லை. அந்தப் படம் இல்லாமலேயே ஆல்பம் வந்தது. இன்றும் யார் வீட்டு ஆல்பத்தைக் கொடுத்தாலும் அக்கா முதலில் புரட்டித் தேடுவது தாலி கட்டும் படத்தைத்தான். மறுபடி பிடிக்கச் சொல்லி எடுக்கும் வழக்கம் இப்போது சாதாரணமாகிவிட்டது. எனக்கு அது பிடிப்பதில்லை. அந்தப் படங்களில் மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்காமல் காமிராவைப் பார்ப்பார்.

ஃபிளாஷ் இல்லாமலே எடுக்கக்கூடிய லென்ஸ் எப்போது வந்தது? வடிவம் 1896இலேயே வந்துவிட்டது. அதே பால் ருடால்ஃப் செய்த 'பிளானார்', ஆறு கண்ணாடி. ஆனால் கண்ணாடியும் காற்றும் சந்திக்கிற ஒவ்வொரு பரப்பிலும் 100க்கு 4, 5 பங்கு வெளிச்சம் திரும்பிவிடும். பிளானாரில் எட்டுப் பரப்பு. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் வீண். அது வீணானாலும் பரவாயில்லை, உள்ளேயே சுற்றிவந்து படத்தை வெளுக்கவைத்துவிடும். நல்ல வடிவம் இப்படி 40 வருஷம் ஓரமாகக் கிடந்தது. 1935இல் ஸைஸில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா கண்ணாடியின் மேல் மெல்லிய பூச்சு பூசி அந்தப் பிரதிபலிப்பைக் குறைத்தார். சில ஆண்டுகள் அதை ராணுவ ரகசியமாக வைத்திருந்தார்கள். போருக்குப் பின் பூச்சு எல்லோருக்கும் கிடைத்தது, பிளானார் வடிவம் எழுந்து வந்தது. காமிராவோடு சேர்ந்து வந்த 50 எம்.எம். எஃப் 1.8, எஃப் 2 லென்ஸ்கள் பெரும்பாலும் அந்த வம்சம்தான்.

நம்மூருக்கு அவை வந்த வழி வேறு. வெளிநாட்டுக் காமிராவுக்கு இங்கே வரி கடுமை. சிங்கப்பூர், வளைகுடாவிலிருந்து வருகிறவர் கையிலோ சென்னை பர்மா பஜாரிலோதான் பார்க்கலாம். யாஷிகா எலெக்ட்ரோ எஃப் 1.7 லென்ஸோடு வந்தது. 1976இல் வந்த பென்டாக்ஸ் கே1000 பின்னாளில் இங்கே பல ஸ்டுடியோக்காரர்களின் சோறு. 80களில் கலர் ஃபிலிமும் ஜூம் லென்ஸும் பரவின. நிகானின் 43-86 எம்.எம். ஜூம் 1963லேயே வந்ததுதான். நின்ற இடத்திலிருந்து கிட்டவும் எட்டவும் எடுக்கும் வசதி எல்லோருக்கும் பிடித்துவிட்டது. அந்த வசதிக்குக் கொடுத்த விலை வெளிச்சம். எஃப் 1.8இலிருந்து எஃப் 3.5க்கு இறங்கினால் கால் பங்குதான் மிச்சம்.

போன மாதம் என் தங்கை மகன் ஃபோன் செய்தான். புதிதாக ஒரு டிஜிட்டல் காமிரா வாங்கியிருக்கிறான், சிநேகிதனின் தங்கை கல்யாணத்துக்கு அவன்தான் படமெடுக்கிறானாம். "மாமா, கூடக் குடுத்த 18-55 போதுமா, வேற லென்ஸ் வாங்கணுமா?" என்றான். மேலே எழுதியதெல்லாம் அவனுக்குச் சொன்னதன் விரிவுதான்.

அந்த ஜூமில் 55க்குப் போனால் துவாரம் எஃப் 5.6. எஃப் 1.8 அதைவிடப் பத்து மடங்கு போல வெளிச்சம் தரும். பகலில் வாசலில் எடுக்க அந்த ஜூம் தாராளம். மணவறைக்கு எஃப் 1.8 ஒன்று வேண்டும். 50 எம்.எம். வாங்கலாம், விலை குறைவு. ஆனால் அவன் காமிராவின் சென்சார் சிறியது. அதில் 50 போட்டால் 75, 80 எம்.எம். போல நெருங்கிக் காட்டும். மணவறைக்கு ஆறடியில் நின்றால் ஐயர் பாதி, பெண் பாதி என்று வெட்டுப்படும். பின்னால் போகலாம் என்றால் வீடியோக்காரர் நிற்பார். அதனால் அந்தக் காமிராவுக்கு 35 எம்.எம்.தான் நல்லது. பெரிய சென்சார் இருந்திருந்தால் 50ஐயே சொல்லியிருப்பேன். 24-70 எஃப் 2.8 ஜூம் தொழில்காரர்களுக்கு. பெரிய ஊர்களில் வாடகைக்குக் கிடைக்கிறது, ஒரு கல்யாணத்துக்காக அவ்வளவு பணம் போடத் தேவையில்லை. ரொம்ப அகலமான லென்ஸில் குரூப் எடுத்தால் ஓரத்தில் நிற்கிற அத்தைமார்கள் ஒன்றரை மடங்கு அகலமாகத் தெரிவார்கள், அந்தப் பகை தீராது.

இன்னொன்றும் சொன்னேன். எஃப் 1.8 இருக்கிறதே என்று எப்போதும் அதிலேயே எடுக்கக்கூடாது. பெரிய சென்சாரில் 50 எம்.எம். வைத்து ஆறடியில் எடுத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் அரை அடிக்கும் குறைவு. பெண் முகம் தெளிவாக இருக்கும், குனிந்து முடிச்சுப் போடும் மாப்பிள்ளை மங்கிவிடுவார். வெளிச்சம் இருக்கும்வரை எஃப் 2.8, எஃப் 4 என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

மண்டபத்துக்கு முதல் நாள் சாயங்காலமே போய், மணவறையில் யாரையாவது உட்காரவைத்து நாலு படம் எடுத்துப் பார்க்கச் சொன்னேன். எல்.இ.டி. விளக்குகளில் சிலது சிமிட்டும், படத்தில் பட்டை பட்டையாக விழும். ஷட்டரை 1/50, 1/100 என்று வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பையன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, பழைய 35 எம்.எம். ஒன்று விலைக்கு வந்திருக்கிறது என்றான். வாங்குமுன் உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். முகூர்த்தம் தை மாதம்.