எழுதியவர் வாசிக்கும் பாடம்

நியூயார்க் பொது நூலகத்தின் பெர்க் சேகரிப்பில் ‘கிறிஸ்துமஸ் கரோல்’ கதையின் ஒரு பிரதி இருக்கிறது. அச்சுப் பக்கங்களைப் பிரித்துப் பெரிய தாள்களில் பொருத்தி, ஓரங்களை அகலமாக்கி, சார்லஸ் டிக்கன்ஸ் மேடையில் வாசிப்பதற்கென்றே கட்டிய புத்தகம் அது. வரிகள் அடிக்கப்பட்டிருக்கின்றன, குரலில் எங்கே மர்மம் வேண்டும், எங்கே உற்சாகம் வேண்டும் என்று ஓரத்தில் குறிப்புகள். 1853 டிசம்பரில் பர்மிங்காம் நகர மண்டபத்தில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் நடந்த வாசிப்பு, வெட்டி வெட்டிப் பிற்பாடு சுமார் பாதியாகச் சுருங்கியது. 1843-இல் அச்சேறி முடிந்துபோன கதையை, கேட்பவர் முகம் பார்த்து ஆசிரியரே மறுபடி செப்பனிட்டிருக்கிறார். படைப்பாளி தன் கதையை வாய்விட்டு வாசிப்பதை வெறும் நூல் விளம்பரமாக ஒதுக்க முடியாது. அது அக்கதையின் இன்னொரு பாடம். பாடபேதங்களைக் காப்பது நூலகத்தின் கடமை என்றால், ஏட்டுச்சுவடிக்கும் முதற்பதிப்புக்கும் தரும் இடத்தை அதற்கும் தந்தாக வேண்டும்.

அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் 1943-லேயே எழுத்தாளர் வாசிப்புகளை ஒலிப்பதிவு செய்து சேர்க்கத் தொடங்கியது. அதன் டெல்லி அலுவலகம் 2000-இல் தொடங்கிய தெற்காசிய இலக்கிய ஒலிப்பதிவுத் திட்டத்தில் தமிழ் எழுத்தாளர்களின் குரல்களும் உண்டு. அந்த நூலகத்துக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் 1948-லேயே பொது நூலகச் சட்டம் கண்ட தமிழ் மண்ணில் நூலகக் கூட்டம் என்றால் வாழ்த்துரை, சிறப்புரை, ஏற்புரை. பேசப்படும் நாவலிலிருந்து ஒரு பக்கம் வாசிக்கப்படுவது அபூர்வம். வட்டார வழக்கில் எழுதியவருக்கு இந்த இழப்பு பெரிது. சோற்றுத் தட்டை நகர்த்தியபடி ஒரு கிழவி மருமகளிடம் கேட்கும் கேள்வி அக்கறையா, குத்தலா என்பது கடைசி எழுத்தின் இழுப்பில் இருக்கிறது. அதற்கு அச்சில் குறியே இல்லை.

ஆசிரியர் குரலைக் கேட்டால் வாசகரின் கற்பனை ஒடுங்கிவிடும் என்பார்கள். டிக்கன்ஸ் அடித்த வரிகளை இன்றும் முழு நூலில் படிக்கலாம். ஒரு பாடம் மற்றொன்றை அழிப்பதில்லை. நூலக அமைதி கெடும் என்போருக்குத் தனி அறையே பதில். எழுத்தாளர் பலருக்கு நன்றாக வாசிக்க வராது என்ற ஆட்சேபம்தான் வலுவானது. அது உண்மையும்கூட. ஆனாலும் தடுமாறும் இடங்கள் ஆய்வாளருக்குப் பயன்படும்: வாக்கியம் மூச்சுக்கு மிஞ்சியது எங்கே, வாசிக்கும்போதே எழுதியவர் எந்தச் சொல்லைத் தாண்டிப்போனார் என்பதெல்லாம் அங்கே தெரியும். அரைமணி நேர வாசிப்பு, அதன் ஒலிப்பதிவு, அவர் கையில் வைத்திருந்த திருத்தப் பிரதி ஆகியவற்றை அந்த நூலின் பட்டியல் பதிவோடு சேர்த்துவைக்க எந்த மாவட்ட மைய நூலகத்துக்கும் புதுக் கட்டடம் தேவைப்படாது.