கரை மீறிய நீருக்கும் கணக்கு உண்டு

கொள்ளிடக் கரையில் அளவுகோல் பார்த்து நீர்க்கணக்கு எழுதும் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். அளவுகோல் காட்டுவது நீர்மட்டம் மட்டுமே. அதிலிருந்து ஏட்டில் ஏறுவது கரைக்குள் ஓடும் நீர். கரை வழிந்து, ஆற்றோரத் தாழ்நிலமான படுகைக்குள் புகுந்ததை நாம்தான் தேடிப் போய்க் கணக்கெடுக்க வேண்டும்.

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடத்தின் தரை தாழ்வு, சரிவும் அதிகம். அதனால் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தண்ணீர் பெருமளவு அந்தப் பக்கமே போயிற்று. காவிரியின் தலைப்பு மணல் மேடிட்டுத் தஞ்சை வயல்கள் வாடின. 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டினார். காவிரிக்குத் தண்ணீர் திரும்பியது. அளவுக்கு மிஞ்சியே திரும்பியதால், பின்னர் காவிரித் தலைப்பிலும் தடுப்பு கட்ட வேண்டியதாயிற்று. பாசனத்துக்குக் காவிரி, வெள்ளத்துக்குக் கொள்ளிடம் என்ற ஏற்பாடு இப்படி உறுதிப்பட்டது.

அந்த ஏற்பாட்டை உலுக்கியது 1924 ஜூலை வெள்ளம். மேட்டூரில் உச்ச ஓட்டம் விநாடிக்குச் சுமார் 4,56,000 கன அடி. நாள் முழுக்க விநாடிக்கு 11,574 கன அடி ஓடினால் ஒரு டி.எம்.சி., அதாவது நூறு கோடி கன அடி. அந்த உச்சம் ஒரு நாள் நீடித்தாலே 39 டி.எம்.சி. 1934இல் முடிந்த மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி.; அதுவும் இரண்டரை நாளுக்குள் நிரம்பிவிடும்.

இவ்வளவு நீர் கரைக்குள் அடங்காது. வெளியேறியதை அறியச் சுவர்களில் சேறு விட்ட கோட்டைத்தான் பார்ப்போம். "தண்ணி வடிஞ்ச மறுநாளே போயிடணும் சார், ஒரு மழை பெஞ்சா கோடு அழிஞ்சிடும்" என்பார் எங்கள் லஸ்கர், மூத்த கரைப் பணியாளர். லெவல் கருவி வைத்து ஊர் ஊராக அந்தக் கோட்டின் உயரத்தை எடுப்போம். அதிலிருந்து நீர்ப்பரப்பின் சரிவு தெரியும். ஆற்றின் குறுக்குவெட்டும் தரையின் சொரசொரப்பும் சேர்ந்தால் ஓட்டத்தைக் கணக்கிடலாம்.

ஆற்றையும் படுகையையும் ஒன்றாக வைத்துக் கணக்கிட்டால் தவறாகும். நடு ஆற்றில் வேகமாக ஓடும் நீர், வாழைக்கொல்லையிலும் நாணல் காட்டிலும் மெதுவாகத்தான் நகரும். தனித்தனியே கணக்கிட்டுக் கூட்ட வேண்டும். படுகையில் தேங்கிய நீர் உச்சத்தைக் குறைத்து, கீழே உள்ள ஊர்களுக்கு அது போய்ச்சேரும் நேரத்தையும் தள்ளிப்போடுகிறது. தேங்கியதில் ஒரு பகுதி நிலத்தடிக்கு இறங்குகிறது. அதை வீணானது என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை.

2022 வெள்ளத்தில் கொள்ளிடப் படுகை ஊர்களான நாதல்படுகையிலும் முதலைமேடு திட்டிலும் வீடுகளைத் தண்ணீர் சூழ்ந்தது. அங்கே வாழ்கிறவர்களுக்கு ஆறு எதுவரை வரும் என்று சொல்வது நம் கடமை. ஒவ்வொரு வெள்ளத்தின் கோட்டையும் கல்லில் பொறித்து, கிராமக் கணக்கில் ஏற்றி, அதைப் பார்த்த பிறகே படுகையில் வீடு கட்ட அனுமதி தர வேண்டும்.