பிரார்த்தனையும் பந்தியும்

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ 'லாட்ஜ்' என்று சொன்னால், பேருந்து நிலையத்தை ஒட்டிய தங்கும் விடுதிதான் எவர் நினைவுக்கும் வரும். அச்சொல்லுக்குப் பழைய பொருள் ஒன்றும் உண்டு. கொத்தனார்கள் தம் தொழிற்களத்தருகே கூடிய கொட்டகையைக் குறித்து, பின்னர் அவர்களுடைய கருவிகளையும் சடங்குகளையும் அடையாளமாக ஏற்றுக்கொண்ட ப்ரீமேசன் சகோதரத்துவ சபைகளின் பெயராக அது மாறிற்று. கவராயமும் மூலமட்டமும் அவர்களின் சின்னம். மூடிய கதவுக்குள் நடப்பது பற்றிய வதந்திகளுக்குத் தமிழில் குறைவில்லை. அவற்றில் நமக்கு அக்கறை இல்லை. கதவை மூடியபின் அவர்கள் எவரை நோக்கி, எந்தச் சொற்களால் வேண்டினார்கள் என்பதே நாம் இங்கு ஆராய விரும்புவது.

இக்கேள்விக்கும் நம் பகுதிக்கும் தொடர்பு உண்டு. 1993-இல் பிரிக்கப்படும்வரை விழுப்புரமும் திண்டிவனமும் கடலூரும் தென்னார்க்காடு என்ற ஒரே மாவட்டம். வடக்கே ஆங்கிலேயரின் சென்னை. கிழக்கே பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரி. தெற்கே வள்ளலாரின் வடலூர். வேறுவேறு சமயத்தார் ஓர் அறையில் கூடினால் எதைச் சொல்லி வணங்குவது என்ற வினாவுக்கு இம்மூன்று திசைகளிலும் மூன்று விடைகள் இருந்தன.

முதல் விடை இங்கிலாந்தில் பிறந்தது. 1723-இல் ஜேம்ஸ் ஆண்டர்சன் தொகுத்து வெளியான சபை விதிநூல், உறுப்பினர் எல்லா மனிதரும் ஒப்புக்கொள்ளும் சமயத்தைப் பின்பற்றினால் போதும், தத்தம் தனிக் கருத்துகளைத் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம் என்று வகுத்தது. சமயப் பூசல்களில் இரத்தம் சிந்திய ஒரு நாட்டுக்கு இது பெரிய துணிவு. ஆயின் எதிர்ப்பும் எழுந்தது. 1751-இல் லண்டனில் தனிச் சபை கண்டோர் தம்மைப் 'பழையோர்' என்று அழைத்துக்கொண்டனர். முன்னிருந்தோருக்குப் 'புதியோர்' என்ற பெயரைச் சூட்டினர். புதியோர் பிரார்த்தனைகளைக் கைவிட்டனர், சடங்கைச் சிதைத்தனர் என்பது குற்றச்சாட்டு. பழையோரின் செயலாளர் லாரன்ஸ் டெர்மட் 1756-இல் வெளியிட்ட விதிநூலில் கிறித்தவர்க்கு ஒரு பிரார்த்தனையும் யூதர்க்கு வேறொரு பிரார்த்தனையும் இடம்பெற்றன. ஒரு தரப்பு பெயர்களைக் குறைத்துப் பொதுமை தேட, மறுதரப்பு அவரவர்க்கு உரியதை அவரவர்க்கு வழங்கப் பார்த்தது. இவ்விரு போக்குகளும் பின்னர் இந்தியாவில் மீண்டும் தலைகாட்டுவதைக் காண்போம்.

1813-இல் இரு தரப்பும் இணைந்தன. பொதுச் சடங்கு ஒன்றை வகுத்துக் கற்பிக்க அமைந்த குழு 1816 வரை இயங்கிற்று. கிறித்துவின் பெயரைச் சொல்லும் தொடர்கள் படிப்படியாக நீங்கி, 'பேரண்டத்தின் பெருஞ்சிற்பி' என்ற விளி நிலைபெற்றது. யூதரும் முஸ்லிமும் கிறித்தவரும் மனவுறுத்தலின்றித் தலைவணங்கக்கூடிய பெயர் அது. ஆனால் சடங்கை எழுதிவைக்கலாகாது என்ற கட்டுப்பாடும் இருந்தது. செவிவழியாகப் பரவும் எதுவும் ஊருக்கு ஊர் மாறும் என்பது தமிழ் இலக்கியம் பயின்றோர்க்குப் புதிதன்று. ஒரே நாட்டார் பாடலுக்கு எத்தனை பாடங்கள்! 1823-இல் தோன்றிய 'எமுலேஷன்' பயிற்சிச் சபை ஒரு பாடத்தைச் சொல் பிசகாமல் காக்க முயன்றது. பிரிஸ்டல் நகரத்தார் தம் பழைய முறையை விடவில்லை. ஸ்காட்லாந்தில் ஒவ்வொரு சபைக்கும் தன் சடங்கைத் தானே அமைத்துக்கொள்ளும் உரிமை இருந்தது. வேண்டுதலின் சாரம் ஒன்று, சொற்கள் பல.

தமிழகத்தில் இவ்வரலாறு நாம் எண்ணுவதைவிட முன்பே தொடங்குகிறது. சென்னையில் பழையோரும் புதியோரும் 1786-இலேயே இணைந்துவிட்டனர். இங்கிலாந்தில் அது நடக்க மேலும் இருபத்தேழு ஆண்டுகள் ஆயின. அவ்விணைப்பில் உருவான சபைக்கு இட்ட பெயர் 'பெர்ஃபெக்ட் யுனானிமிட்டி', அதாவது முழு ஒருமனம். அதற்கும் முன்னர், 1770-களில், ஆர்க்காட்டு நவாபின் மூத்த மகன் உம்தத்-உல்-உமரா திருச்சியில் சபையில் சேர்க்கப்பட்டார். லண்டன் பெருஞ்சபை மகிழ்ந்து அவருக்கு ஏப்ரனும் விதிநூலும் அனுப்பியது. அவர் பாரசீக மொழியில் நன்றி மடல் எழுதினார்.

இளவரசருக்கு எளிதில் திறந்த கதவு மற்றோர்க்குத் திறக்கவில்லை. பம்பாயில் மானக்ஜி கர்செட்ஜி என்ற பார்சி மறுக்கப்பட்டு, பாரிசுக்குச் சென்று சேர்ந்தார். இந்தியரை ஏற்பதற்கென்றே ஸ்காட்லாந்து மரபைச் சேர்ந்த ஜேம்ஸ் பர்ன்ஸ் 1843-இல் பம்பாயில் தனிச் சபை தொடங்கினார். இந்துக்களின் நிலை இன்னும் கடினம். பல தெய்வங்களை வணங்குவோர் ஒரே பெருஞ்சிற்பியை எவ்வாறு ஏற்பர், எந்த நூலின்மீது ஆணையிடுவர் என்று கேட்டனர். கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத்தர் பல ஆண்டுகள் போராடி 1872-இல்தான் உள்ளே நுழைந்தார். 1884-இல் நரேந்திரநாத் தத்தர், பிற்கால விவேகானந்தர், அதே நகரில் சேர்ந்தபோது வழி ஓரளவு திறந்திருந்தது. சென்னையிலும் அந்த 1880-களில் இந்தியர் சேர்வதற்கென 'கர்நாட்டிக்' சபை தோன்றிற்று.

ஆணையிடும் நூல் குறித்த சிக்கலுக்கு இந்தியச் சபைகள் கண்ட தீர்வு எளியது. ஆனால் பொருள் பொதிந்தது. விவிலியம் ஒன்றே இருந்த பீடத்தில் குர்ஆனும் கீதையும் ஜெந்த் அவெஸ்தாவும் குரு கிரந்த சாகிப்பும் வந்தமர்ந்தன. அவரவர் தம் வேதத்தின்மீது கைவைத்து ஆணையிடலாம். வேண்டுதலில் பெயரற்ற சிற்பி; பீடத்தில் பெயருடைய நூல்கள். புதியோரின் குறைத்தலும் பழையோரின் பகிர்தலும் இங்கே ஒரே அறையில் இணைந்தன என்று நாம் கருதுகிறோம். 1961 நவம்பர் 24 அன்று இந்தியப் பெருஞ்சபை தனியாக அமைந்தபோதும் இம்முறை தொடர்ந்தது. பழைய தொடர்பை விட விரும்பாத சபைகள் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து மரபுகளிலேயே நீடித்தன. ஆகவே இந்தியாவில் இன்றும் நான்கு மரபுகள் அருகருகே இயங்குகின்றன.

இனிக் கிழக்கே திரும்புவோம். பிரெஞ்சு மரபைச் சேர்ந்த சபைகள் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே புதுச்சேரிக்கு வந்துவிட்டன. பிரான்சின் 'கிராண்ட் ஓரியண்ட்' 1849-இல் இறைநம்பிக்கையையும் ஆன்மாவின் அழியாமையையும் தன் விதியில் எழுதியிருந்தது. 1877-இல் அவ்வரியை நீக்கி, மனச்சான்றின் முழுச் சுதந்திரத்தை முன்வைத்தது. நீக்கப் பரிந்துரைத்த அறிக்கையை அளித்தவர் பிரெடெரிக் டெமோன். அவர் ஒரு புரோட்டஸ்டன்ட் போதகர்! கடவுளை நம்பிய ஒருவர், நம்பாதவரும் அமர இடம் வேண்டும் என்று வாதிட்டார். 1878-இல் லண்டன் இதைக் கண்டித்து, பெருஞ்சிற்பியை ஏற்காத சபையினரை விருந்தினராகவும் அனுமதிக்கலாகாது என்று முடிவுசெய்தது. மறு ஆண்டு, 1879-இல், விழுப்புரத்தையும் புதுச்சேரியையும் இணைக்கும் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. பாரிசின் புதிய விதியை ஏற்ற ஒருவர் புதுவையில் வண்டியேறி, விழுப்புரத்தில் மாறிச் சென்னை சேர்ந்தால், ரயில் தடுக்காத அவரைச் 'சகோதரர்' கூடிய அறையின் கதவு தடுத்திருக்கும்.

இதன் மறுபுறத்தையும் பார்க்கவேண்டும். 1893-இல் பாரிசில் மரியா தெரேம், ஜார்ஜ் மார்த்தேன் ஆகியோர் ஆண் பெண் இருபாலரையும் ஏற்கும் சபையை நிறுவினர். அதனை 1902-இல் லண்டனுக்குக் கொண்டுவந்தவர் அன்னி பெசன்ட். அவரும் அவரைச் சார்ந்தோரும் வேண்டியவாறு, பிரெஞ்சுக்காரர் கைவிட்ட பெருஞ்சிற்பி அச்சடங்கில் மீண்டும் குடியேறினார். இளமையில் நாத்திகப் பரப்புரை செய்தவர் கடவுளைத் திரும்ப அழைக்கிறார். போதகர் ஒருவர் விலக்குகிறார். பெண்ணுக்கு இடமில்லாத சபைகளே கடவுள் பற்றி உரக்க வாதிட்டன என்பதும் குறிக்கத்தக்கது.

பிரார்த்தனைச் சிக்கல் ஒருவாறு தீர்ந்தபின்னும் மற்றொன்று எஞ்சியது. 1886-இல் லாகூரில் சபையில் சேர்ந்த ரட்யார்ட் கிப்ளிங், தன்னைச் சேர்த்தோரில் பிரம்ம சமாஜத்தவரும் முஸ்லிமும் ஆங்கிலேயரும் இருந்ததாகவும், வாயிற்காவலர் யூதர் என்றும் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். 'தாய்ச் சபை' என்னும் பொருளமைந்த அவரது கவிதை இக்கூட்டுறவைப் போற்றுகிறது. ஆயின் அக்கவிதையே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறது. எவருடைய சாதியும் கெட்டுவிடக் கூடாதென்று அங்கே விருந்து நடப்பதில்லை. கதவுக்கு வெளியே வந்ததும் பழைய பதவி விளிகள் திரும்பிவிடுகின்றன. ஒன்றாக வேண்ட முடிந்தவர்களால் ஒன்றாக உண்ண முடியவில்லை.

இவ்விடத்தில்தான் வடலூரை நினைக்கிறோம். வள்ளலார் 1867-இல் முதலில் ஏற்றியது தருமசாலையின் அடுப்பு. சாதி சமயம் கேளாமல் பசித்தவர்க்குச் சோறு. சத்திய ஞான சபையில் தைப்பூச சோதி தரிசனம் நிகழ்ந்தது அதற்கு ஐந்தாண்டுகளுக்குப் பின், 1872-இல்; கல்கத்தாவில் தத்தருக்குக் கதவு திறந்த அதே ஆண்டு. ஏழு திரைகள் விலகியபின் தெரிவது உருவமல்ல, பெயர்சார்ந்த வேதமுமல்ல, ஒளி. வடலூருக்கும் வாசல் விதி உண்டு. கொலையும் புலாலும் தவிர்த்தோரே சபைக்குள் புகலாம். ஆனால் அவ்விதி பிறப்பைக் கேட்கவில்லை. தருமசாலையின் இலைக்கு அந்த விதியும் இல்லை. சபைக்காரர்கள் பிரார்த்தனையிலிருந்து தொடங்கிப் பந்தியருகே தயங்கி நின்றார்கள். வள்ளலார் பந்தியிலிருந்து தொடங்கி வழிபாட்டுக்கு வந்தார்.

இருவருக்கும் தொடர்பு இருந்ததென்று நாம் சொல்லவில்லை. ஒரே காலத்தில் ஒரே கேள்வியை எதிர்கொண்டவர்கள் என்று மட்டுமே சொல்கிறோம். இன்று நம் ஊர் விழாக்களில் மூன்று சமய நூல்களிலிருந்து ஆளுக்குச் சில வரிகள் வாசிக்கப்படுகின்றன. கூட்டம் அமைதியாகக் கேட்கிறது. நல்ல வழக்கம், தொடரட்டும். ஆனால் பீடத்தில் நூல்களை அடுக்குவது ஒரு பிற்பகலில் முடியும் வேலை. மேடையில் அருகருகே வாசித்த மூவரும் வாசிப்பு முடிந்தபின் எவர் வீட்டில் எவர் கை நனைக்கிறார்கள் என்பதை வைத்தே அந்தப் பிரார்த்தனையை நாம் எடைபோட வேண்டும்.