டேனியர் ஊரா, தஞ்சை ஊரா?

தரங்கம்பாடி என்றதும் டான்ஸ்பர்க் கோட்டையும் டேனியர் தெருக்களும்தான் பேச்சில் வருகின்றன, 1620-க்கு முன் அங்கே மணல்மேடு மட்டுமே கிடந்தது போல. ஆனால் கடலை ஒட்டி நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில் 1306-ல், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. டேனியர் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அது கற்கோயில் எடுக்கும் வசதி படைத்த ஊர். அதன் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் காரணத்தைக் கோபன்ஹேகனில் தேடுவதைவிடத் தஞ்சைச் சீமையில் தேடுவதே சரி.

நாகப்பட்டினத்தில் போர்த்துக்கீசியர் வேரூன்றியிருந்த காலத்தில், தஞ்சை ரகுநாத நாயக்கருக்கு வேறொரு ஐரோப்பியக் கூட்டாளி தேவைப்பட்டிருக்க வேண்டும். காரைக்கால் அருகே போர்த்துக்கீசியரிடம் கப்பலை இழந்த, டேனிய வணிகக் கம்பெனியின் ரோலண்ட் கிராப்பே அவரது அரண்மனையில்தான் அடைக்கலம் பெற்றார். 1620 நவம்பரில் டேனியக் கப்பல்களின் தலைவர் ஓவே கெட்டே செய்துகொண்ட உடன்படிக்கைப்படி, ஊரும் கோட்டை கட்டும் உரிமையும் ஆண்டு வாடகைக்குக் கிடைத்தன. ஆக, டேனியர் அங்கே குடிக்கூலிக்கு இருந்தவர்கள். 1640-களில் டென்மார்க்கிலிருந்து கப்பல் வரத்து நின்றது. அடுத்த கப்பல் 1669-ல்தான் வந்தது. அத்தனை காலமும் கோட்டையில் எஞ்சிய டேனியர் ஒரு கைப்பிடி. எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்பவர் அவர்களுக்குத் தலைவராக இருந்து சமாளித்தார். தாய்நாடு மறந்த ஊர் அழியவில்லையே! சுற்றிலும் நெல்லும் துணியும் விளைந்த நாடு இருந்தது. தஞ்சையோடு அவர்களுக்கு அடிக்கடி பூசல் இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது, 1699-ல் தஞ்சை மராட்டிய மன்னர் ஷாஜியின் படை ஊரையே முற்றுகையிட்டது, சென்னை ஆங்கிலேயரின் உதவியால்தான் தப்பினார்கள். கோட்டை இருந்தும் தஞ்சையின் கோபத்தைத் தனியே தாங்க முடியவில்லை என்பதையே இது காட்டுகிறது.

இதற்கு வலுவான மறுப்பு அச்சுக்கூடம்தான். டேனிய மன்னர் அனுப்பாவிட்டால் 1706-ல் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு வந்திருக்க மாட்டார். 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்திருக்காது. இதை மறுக்க வழியில்லை. ஆனால் அவரைச் சிறையில் தள்ளியதும் அந்த ஊரின் டேனியத் தளபதியே. அச்சு எந்திரம் இங்கிலாந்திலிருந்தும் முதல் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலேயிலிருந்தும் வந்தன. அவை பெரிதாக இருந்ததால் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். பொறையாறில் காகித ஆலையும் வைத்தார்கள். அவருக்குத் தமிழ் கற்பித்தவர்களும், அவர் திரட்டிப் பட்டியலிட்ட ஏட்டுச்சுவடிகளும் இந்த மண்ணுக்குரியவை. டேனிய வணிகக் கம்பெனிக்கு இதில் பெருமை கொஞ்சம்தான்.

1845-ல் தரங்கம்பாடியும் வங்காளத்துச் செராம்பூரும் சேர்ந்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயர் கைக்கு மாறின. விற்பனையே ஊரை வீழ்த்தியது என்பதும் அரைகுறை விளக்கம்: அதன் பிறகும் சுமார் 15 ஆண்டுகள் தஞ்சை மாவட்டத்தின் தலைமையிடம் இங்கேதான் இருந்தது. அது தஞ்சாவூருக்குப் போன கையோடு, 1861-ல் நாகப்பட்டினத்துக்கும் தஞ்சைக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. டெல்டாவின் சரக்கு அந்த வழியே கடலுக்குப் போயிற்று. கடல் அரித்ததால்தான் ஊர் தேய்ந்தது என்போருக்கு ஒரு பதில்: மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டது உண்மை, ஆனால் அதே கடலும் அதே புயலும் இருந்த நாகப்பட்டினம், ரயில் வந்தபின் நெடுங்காலம் துறைமுகமாகவே நீடித்தது. மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு ரயில் 1926-ல்தான் வந்தது. 1986-ல் அதுவும் நிறுத்தப்பட்டது.