மின்னஞ்சலுக்குக் காலாவதி தேதி: ஜிமெயிலின் ‘ரகசியப் பயன்முறை’ எந்த அளவுக்குக் காக்கும்?

வேலைக்கான விண்ணப்பம், வாடகை ஒப்பந்தம், வங்கிக் கடன் என எதற்கும் ஆதார், பான் அட்டை நகல்களை மின்னஞ்சலில் அனுப்புவது வழக்கமாகிவிட்டது. தேவை முடிந்த பிறகும் அந்நகல்கள் பெறுநரின் அஞ்சல்பெட்டியில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகின்றன. அவருடைய கணக்கு ஊடுருவப்பட்டால் அவையும் பிறர் கைக்குச் சென்றுவிடும். இத்தகைய மின்னஞ்சல்களுக்குக் காலக்கெடு விதிக்க உதவும் ‘ரகசியப் பயன்முறை’யை 2018-ஆம் ஆண்டு ஜிமெயிலில் கூகுள் நிறுவனம் அறிமுகப்படுத்தியது.

கணினியில் புதிய மின்னஞ்சல் எழுதும் பெட்டியின் கீழ்ப்பகுதியில், பூட்டும் கடிகாரமும் இணைந்த குறியீடாக இவ்வசதி உள்ளது. கைபேசிச் செயலியில், எழுதும் திரையின் மேற்புறமுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் கிடைக்கும். ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம், 3 மாதங்கள், 5 ஆண்டுகள் ஆகியவற்றில் ஒன்றைக் காலக்கெடுவாகத் தேர்வு செய்யலாம். குறுஞ்செய்தியில் வரும் கடவுக்குறியீட்டை உள்ளிட்டால் மட்டுமே திறக்கும்படியும் அமைக்கலாம். அங்கு பெறுநரின் கைபேசி எண்ணையே தர வேண்டும். அனுப்புநர் தன் எண்ணைத் தந்துவிட்டால் குறியீடு அவருக்கே வந்து சேரும்.

சாதாரண மின்னஞ்சல் தபாலில் சேர்த்த கடிதத்தைப் போன்றது. அதன் முழு நகல் பெறுநரின் சேவையகத்துக்குச் சென்றுவிடும். மின்னஞ்சல் பரிமாற்றத்துக்காக 1982-இல் வகுக்கப்பட்டு, இன்றும் அடிப்படையாக விளங்கும் எஸ்எம்டிபி நெறிமுறையில் அதைத் திரும்பப் பெறும் ஏற்பாடு இல்லை. எனவே கூகுள் வேறு வழியைக் கையாள்கிறது: செய்தியின் உள்ளடக்கமும் இணைப்புக் கோப்பும் கூகுளின் சேவையகத்திலேயே இருக்கும். ஜிமெயில் அல்லாத பிற சேவைகளைப் பயன்படுத்துவோருக்கு அதைக் காண்பதற்கான சுட்டி மட்டுமே செல்லும். கெடு முடிந்ததும் பார்க்கும் அனுமதி ரத்தாகும். பெறுநரின் பெட்டியிலிருந்து எதுவும் அழிக்கப்படுவதில்லை. தலைப்பு வரி அங்கேயே இருக்கும். ஆகவே கணக்கு எண் போன்ற விவரங்களைத் தலைப்பில் எழுதக் கூடாது.

கெடுவுக்கு முன்னரே அனுமதியை ரத்து செய்ய விரும்பினால், ‘அனுப்பியவை’ பகுதியில் அம்மின்னஞ்சலைத் திறந்து அதற்கான தெரிவை அழுத்தினால் போதும்.

இம்முறையில் வரும் செய்தியைப் பிறருக்கு அனுப்பவோ, நகலெடுக்கவோ, அச்சிடவோ, பதிவிறக்கவோ பெறுநருக்கு வழி இல்லை. ஆனால் திரையைப் படம் பிடிப்பதைத் தடுக்க முடியாது என்பதைக் கூகுளே தனது உதவிப் பக்கத்தில் ஒப்புக்கொண்டுள்ளது. மறதியால் நகலை அழிக்காமல் விடுபவரிடம் இவ்வசதி பயன் தரும்; வேண்டுமென்றே நகல் எடுத்து வைப்பவரிடம் பயன் தராது. அனுப்புநரையும் பெறுநரையும் தவிர வேறு எவரும் படிக்க முடியாத முழுமையான மறையாக்கமும் இதில் இல்லை. ‘ரகசிய’ என்ற பெயரே பயனர்களுக்குத் தவறான நம்பிக்கையைத் தரக்கூடும் என, இவ்வசதி அறிமுகமான ஆண்டிலேயே அமெரிக்காவின் எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற இணைய உரிமை அமைப்பு விமர்சித்தது.

மைக்ரோசாஃப்ட் அவுட்லுக்கிலும் காலாவதி தேதி குறிக்கலாம். ஆனால் அத்தேதிக்குப் பிறகும் பெறுநரால் செய்தியைத் திறந்து படிக்க முடியும்.

ஆதார் நகலைப் பொருத்தவரை, முதல் 8 இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரை யுஐடிஏஐ இணையதளத்தில் பதிவிறக்கி அனுப்புவது கூடுதல் பாதுகாப்பு. திரையைப் படம் பிடித்தாலும் முழு எண் கிடைக்காது.

பெறுநருக்குக் கெடு முடிந்த பின்னரும் அனுப்புநரின் ‘அனுப்பியவை’ பகுதியில் அம்மின்னஞ்சல் முழுமையாக இருக்கும். அதை அவர்தான் தனியே நீக்க வேண்டும்.