சாக்கடையும் அண்டை வீட்டாரும்

மார்க்கச் சட்ட நூல்களை விரித்தால் முதற்பாடம் தூய்மையைப் பற்றியதாகவே இருக்கும். தொழுகைக்கு முன் உடலும் உடையும் இடமும் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். ஆனால், கழுவிய அழுக்கு பின்னர் எங்கே போகிறது என்ற கேள்வி பெரியவர்களிடத்தும் அரிதாகவே எழுகிறது. அக்கேள்வியைக் கேளாமல் விட்ட ஒரு மாநகரம் கொடுத்த விலையைச் சரித்திரம் குறித்து வைத்திருக்கிறது. அந்நகரம் லண்டன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் தெருக்களின் அடியில் சாக்கடைகள் இருந்தன. எனினும், அவை மழைநீர் வடிவதற்காகக் கட்டப்பட்டவை. வீட்டுக் கழிவை அவற்றில் விடுவது 1815ஆம் ஆண்டு வரை தடுக்கப்பட்டிருந்தது. வீட்டின் அடியிலோ கொல்லையிலோ மலக்குழி ஒன்று இருக்கும். அது நிரம்பியதும் கூலியாட்கள் இரவில் வந்து அள்ளி வண்டியேற்றிச் செல்வார்கள். ஊர்ப்புறத்து வயல்களுக்கு அது எருவாயிற்று.

இந்த ஏற்பாட்டைக் குலைத்தது ஒரு நல்ல கண்டுபிடிப்பே. 1775இல் அலெக்சாண்டர் கம்மிங் என்பவர், நீர் ஊற்றிக் கழுவும் கழிப்பறைக்கு உரிமம் பெற்றார். குழாயை வளைத்து, அவ்வளைவில் சிறிது நீர் எப்போதும் தங்குமாறு செய்தார். குழியின் நாற்றம் வீட்டினுள் ஏறாதபடி அந்நீரே கதவாக நின்றது. இன்று நம் வீட்டுக் கழிப்பறைகளில் காணும் வளைவும் அதன் வழி வந்ததே. 1851ஆம் ஆண்டின் மாபெரும் பொருட்காட்சியில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் காசு கொடுத்து இத்தகைய கழிப்பறைகளைப் பயன்படுத்தினர். பார்த்தவர் பலருக்கும் அது தம் வீட்டிலும் வேண்டும் என்ற ஆசை பிறந்தது இயல்பே.

ஆனால், நீரூற்றிக் கழுவக் கழுவ மலக்குழிகள் பொங்கி வழிந்தன. எனவே, வீட்டுக் குழாயைத் தெருச் சாக்கடையோடு சேர்த்துவிடுவதே தீர்வென்று கருதப்பட்டது. 1815இல் அனுமதியாக இருந்தது 1848ஆம் ஆண்டின் சட்டங்களால் கட்டாயமாயிற்று. எட்வின் சாட்விக் முதலிய சீர்திருத்தவாதிகள் முன்னின்று குழிகளை மூடுவித்தனர். துர்நாற்றமே நோயைப் பரப்புகிறது என்பது அவர்களின் உறுதியான நம்பிக்கை. அவர்களின் நோக்கத்தில் குறையில்லை; சாக்கடைகள் எங்கே முடிகின்றன என்பதை எண்ணாததே குறை. அவையெல்லாம் தேம்ஸ் ஆற்றில் விழுந்தன. அந்த ஆற்றிலிருந்துதான் லண்டன் மக்களில் பலருக்குக் குடிநீர் வந்தது.

வீடுகள் சுத்தமாயின, ஆறு சாக்கடையாயிற்று. 1848, 1849 ஆண்டுகளில் பரவிய காலரா, லண்டனில் பதினாலாயிரம் பேரைக் கொண்டுபோயிற்று. 1853, 1854இல் மீண்டும் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். காலரா நீரின் வழியே பரவுகிறது என்று டாக்டர் ஜான் ஸ்னோ 1849இலேயே எழுதினார், கேட்டவர் சிலரே. 1854இல் பிராட் தெருவில் நோய் பரவியபோது, ஒரு வீட்டின் பழுதுற்ற மலக்குழி அருகிலிருந்த பொதுக் கிணற்றில் கசிந்தது பின்னர் தெரியவந்தது. குழியும் கொல்லும், குழாயும் கொல்லும். இடையே காக்க வேண்டியது குடிநீர் என்ற பாடத்தை அந்நகரம் இவ்வாறு கற்றது.

1858ஆம் ஆண்டுக் கோடையில் ஆற்றின் நாற்றம் அதன் கரையிலிருந்த பாராளுமன்றத்தையே எட்டியது. திரைச்சீலைகளைச் சுண்ணாம்பு மருந்தில் நனைத்துத் தொங்கவிட்டும் பயனில்லை. ஏழைகள் ஆண்டுக்கணக்கில் சகித்த நாற்றம் ஆள்வோரின் மூக்கை எட்டியதும், பதினெட்டே நாட்களில் சட்டம் நிறைவேறிற்று. பொறியாளர் ஜோசப் பசல்ஜெட், ஆற்றுக்கு இணையாக 82 மைல் நீளத்துக்குப் பெருஞ்சாக்கடைகளை அமைத்தார். தெருச் சாக்கடைகள் ஆற்றை அடையுமுன் அவற்றை வழிமறித்து, நகருக்குக் கிழக்கே கொண்டு செல்வது அவர் திட்டம்.

1866இல் அப்பணி பெரும்பாலும் முடிந்திருந்தது. கிழக்கு லண்டனில் மட்டும் முடியவில்லை. அவ்வாண்டு காலரா வந்தபோது, இணைப்புப் பெற்றிருந்த பகுதிகள் பெரும்பாலும் தப்பின. கிழக்கிலோ ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். புரோம்லி பகுதியில் ஒரு தொழிலாளியும் அவர் மனைவியும் முதலில் இறந்தனர். அவர்கள் வீட்டுக் கழிப்பறை லீ ஆற்றில் விழுந்தது. அதற்கு அரை மைல் மேலே, சுற்றிலும் பல்லாயிரம் வீடுகளுக்கு நீர் வழங்கிய தேக்கங்கள் இருந்தன. அத்தேக்கங்களின் நீர் மாசுற்றதே அழிவுக்குக் காரணம் என்று ஆய்ந்தோர் கண்டனர்.

நகருக்குக் கிழக்கே கொண்டு சென்றதும் தொல்லை தீர்ந்ததா? 1878இல் ‘பிரின்சஸ் ஆலிஸ்’ என்னும் பயணிகள் படகு, கழிவு ஆற்றில் விடப்படும் இடத்துக்கருகே கப்பலொன்றுடன் மோதி மூழ்கிற்று. அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்த நீரின் கேடும் அன்று பெரிதாகப் பேசப்பட்டது. பின்னர் கழிவின் கசடைப் பிரித்து, 1887 முதல் கப்பலேற்றிக் கடலில் கொட்டினர். அவ்வழக்கம் 1998இல்தான் நின்றது. வீட்டுக்காரர் தெருவுக்கும், தெரு ஆற்றுக்கும், ஆறு கடலுக்கும் தள்ளிவிட்ட கதை இது. ஒவ்வொரு முறையும் அப்பால் ஓர் அண்டை வீட்டார் இருந்தார்.

இவ்விடத்தில் நம் மத்ரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படும் ‘ஹிதாயா’வின் ஒரு விவாதம் நினைவுக்கு வருகிறது. பலருக்கும் பொதுவான கால்வாயைத் தூர்வாரும் செலவு யாருடையது? தம் நிலத்தைக் கடந்த பகுதிக்கு ஒருவர் பொறுப்பாளி அல்லர். தம் நிலத்துக்கு நீர் கிடைத்ததோடு அவர் தேவை முடிந்தது என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. அவர்களின் மாணவர்களான இமாம் அபூயூஸுஃப் (ரஹ்), இமாம் முஹம்மத் (ரஹ்) இருவருமோ, தொடக்கம் முதல் முடிவு வரை அனைவரும் பங்கேற்க வேண்டும் என்கிறார்கள். மேலே உள்ளவருக்கும் தம் மிகுதி நீர் வடிய கீழ்ப்பகுதி தேவைப்படுகிறதல்லவா என்பது அவர்கள் காட்டும் நியாயம்.

இது பாசனக் கால்வாய் பற்றிய பேச்சு, சாக்கடை பற்றியதன்று. ஆயினும், மிகுதி நீர் வடிவது பற்றி அம்மாணவர்கள் கூறிய காரணம் சாக்கடைக்கு எவ்வளவு பொருந்துகிறது! சாக்கடையைப் பொறுத்தவரை நம் தேவை நம் வாசலில் முடிவதே இல்லை. வாசலுக்கு அப்பால்தான் தொடங்குகிறது. நீர்த்துறையிலும் பாதையிலும் நிழலிலும் மலங்கழிப்பதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுத்ததும், பின்னால் வருபவரின் உரிமையைக் காக்கவே.

இன்று நம் வீட்டுக் குழாயைப் பாதாளச் சாக்கடையோடு இணைத்துக் கட்டணமும் கட்டிவிட்டால் கடமை முடிந்ததாக எண்ணுகிறோம். அடைப்பு ஏற்பட்டால் அதனுள் இறங்குபவர் ஒரு மனிதர். தக்க பாதுகாப்பின்றி அவரை இறக்குவது நம் நாட்டில் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இருந்தும் நச்சுக்காற்றில் உயிர்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. மூடியைத் திறந்து ஓர் ஏழையை உள்ளே இறங்கச் சொல்லுமுன், அவரும் நம் அண்டை வீட்டார் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். இயந்திரத்தை அழைக்கும் செலவு அதிகமாகலாம். அச்செலவும் நம் தூய்மையில் அடங்கியதே.