பிறப்பா, வளர்ப்பா? மலாக்கா கூறும் விடை

மனிதனை ஆக்குவது பிறப்பா, வளர்ப்பா என்னும் வினா மிகப் பழையது. ‘புலிக்குப் பிறந்தது பூனையாகுமா?’ என்று கேட்கும் நம் முன்னோரே ‘தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்றும் கூறினர். இவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்தி 1874ஆம் ஆண்டில் நூலெழுதிய ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன், பிறப்பின் பக்கமே சாய்ந்தார். இவ்வழக்கில் மலாக்காத் தமிழரின் வரலாறு நமக்கு அரியதொரு சான்றாகும்.

மலாக்கா சுல்தானியர் ஆட்சி செழித்த 15ஆம் நூற்றாண்டில், சோழமண்டலக் கரையிலிருந்து தமிழ் வணிகர் பலர் இங்கு வந்தனர். பருவக்காற்றை நம்பிக் கடல் கடந்த அவர்கள் மகளிரை உடன் அழைத்து வரவில்லை. இவ்வூர்ப் பெண்களை மணந்து குடியமர்ந்தனர். அவர்தம் வழித்தோன்றல்களே மலாக்காச் செட்டிகள். நாட்டுக்கோட்டை நகரத்தார் வேறு, இவர்கள் வேறு. 1511இல் போர்த்துக்கீசியரும் 1641இல் டச்சுக்காரரும் நகரைக் கைப்பற்றிய பின், தாயகத்தோடு இருந்த வணிகத் தொடர்பு தேய்ந்தது.

காஜா பெராங்கில் வாழும் இம்மக்களின் பெயர்களில் பிள்ளை, செட்டி, படையாச்சி என்னும் பின்னொட்டுகள் இன்றும் நிற்கின்றன. போகியன்று முன்னோருக்குப் படையலிடுகின்றனர். மாரியம்மனுக்கு விழா எடுக்கின்றனர். 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் இவர்களுடையது. எனினும், வீட்டில் இவர்கள் பேசுவது தமிழ்ச் சொற்கள் சில கலந்த மலாய். சமயம் நின்றது, மொழி நிற்கவில்லை. காரணம் குருதியில் இல்லை. சமயத்தைக் காக்கக் கோயிலும் விழாவும் இருந்தன. தாலாட்டிய தாயின் மொழியோ மலாய். தமிழைக் கற்பிக்கப் பள்ளியும் இல்லை.

இதே மலாக்காவில் 1896ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் ரப்பர் பயிரிட்டார். தொடர்ந்து பெருகிய தோட்டங்களுக்குக் கங்காணிகள் வழியே தமிழர் குடும்பம் குடும்பமாக வந்தனர். விடியுமுன் பெற்றோர் பால்மரம் சீவச் சென்றபோது, குழந்தைகள் ஆயாக் கொட்டகையில் தமிழ் கேட்டே வளர்ந்தனர். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருக்கும் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. அப்பள்ளிகள் எளியவை, தொடக்கக் கல்விக்கு மேல் வழிகாட்டாதவை. ஆயினும் தமிழெழுத்து அங்கே உயிர்வாழ்ந்தது.

குருதியைக் கொண்டு மனிதரை அளந்த பிழை வேறொன்றும் உண்டு. தமிழர் இயல்பிலேயே அடங்கிப் போகிறவர்கள் என்று தோட்ட முதலாளிகள் கருதினர். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கூலி உயர்வோடு, துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டிய இழிநிலை ஒழிதல், பிள்ளைகளுக்கு நல்ல கல்வி ஆகியவற்றையும் கேட்டனர். அடக்கம் பிறவிக் குணமன்று; கடனும் கங்காணியும் கற்பித்த பழக்கமே என்பது அன்று வெளிப்பட்டது.

பிறப்புக்குப் பங்கே இல்லை என்பதன்று இதன் பொருள். நிறமும் உயரமும் மரபணு வழி வருவன. மொழி கற்கும் ஆற்றலும் மனிதக் குழந்தைக்குப் பிறப்பிலேயே வாய்க்கிறது. எந்த மொழி என்பதை மட்டும் வளர்ப்பே முடிவு செய்கிறது.

இன்று தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன; மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். ஆயாக் கொட்டகையும் லயத்து முற்றமும் தாமாகவே தந்த தமிழை, அடுக்குமாடி வீடு தாமாகத் தராது. தமிழ்க் குருதி ஓடுவதால் தமிழ் வந்துவிடும் என்று இருந்துவிட முடியாது என்பதே காஜா பெராங் நமக்குக் கற்பிக்கும் பாடம். ஒவ்வொரு தலைமுறையும் மொழியைப் புதிதாகவே பெறுகிறது. பெறுவது மாணவர் கடன். தருவது வீட்டுக்கும் பள்ளிக்கும் உரிய கடன்.